இரவல் தையல்காரன்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவள் செய்த வேலை, கணவரின் புதுச் சட்டையில் இடது கையை முக்கால் அங்குலம் குறைத்தது. நீலத் துணி, மெல்லிய வெள்ளைக் கோடு. முப்பத்தோரு வருஷமாக அவருக்குத் தைத்த ஒவ்வொரு சட்டைக்கும் செய்த வேலைதான். அவருடைய இடக்கை வலக்கையைவிட முக்கால் அங்குலம் குட்டை. அவர் அப்பாவுக்கும் அப்படியே. கல்யாணமான புதிதில் அவள் மாமனாருக்கும் புருஷனுக்கும் ஒன்றாகச் சட்டை தைத்தபோது இரண்டு பேருக்கும் இடக்கைத் துணி மட்டும் மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கையில் இறங்கியது. தைத்தவள் தலை குனிந்து நிற்க, மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். "தையல் சரிதாம்மா. எங்க வம்சத்துத் துணிதான் கொஞ்சம் பத்தாம போச்சு" என்றார்.

கணவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தையல் மேசைப் பக்கம் வந்தார்.

"முடிஞ்சுதா?"

"பட்டன் மட்டும் பாக்கி. போட்டுக்கிட்டே போறீங்களா?"

"அந்த ஆவண அறைத் தூசியில புதுச் சட்டையா? அங்க இருக்கற பூட்டு மேடம் வேற சந்தேகப்படும், இந்தாளு இன்னிக்கு யாரைப் பாக்க வந்திருக்காருன்னு."

"ஆமா, உங்களைப் பாத்து மயங்கித்தான் அங்க ஆள் உக்காந்திருக்கு."

"சாயங்காலம் வந்து போட்டுப் பாக்கறேன். இஸ்திரி போட்டு வை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலரை மணிக்கு ஆவணக் காப்பகத்தின் படிகளில் இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவரைக் கொண்டுவந்தவர்கள் குடையையும், கழுவி வைத்த சாப்பாட்டு டப்பாவையும், மூக்குக்கண்ணாடியையும், கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டையும் அவள் கையில் கொடுத்தார்கள்.

*

நோட்டு முழுக்க அவருடைய தாத்தா.

தாத்தா பட்டாளத்தில் தையல்காரராக இருந்தவர். பெரிய போரின்போது ஆற்றங்கரையில் முகாம் போட்டிருந்த படையோடு இருந்தார். ஒரு நாள் மாலை ஆஜர் எடுத்தபோது ஆள் இல்லை. மறுநாள் பாலம் குண்டு விழுந்து உடைந்தது. இருபத்தோராம் நாள், விசாரணை நடத்தி, 'ஓடிப்போனவர்' என்று எழுதி முத்திரை குத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்த காகிதத்தில் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. அதன்பிறகு அந்த வீட்டுக்குத் தெருவில் வேறு பேர் இல்லை, ஓடுகாலி வீடு.

அப்போது மாமனாருக்கு ஒன்றரை வயது. வெளியே அவர் ஓடுகாலி மகன், வீட்டுக்குள்ளே எலி. அப்பா கடைசியாக விடுப்பில் வந்திருந்தபோது பத்து மாதக் குழந்தையாகத் தவழ்ந்து போய், தரையில் தொங்கிய அவருடைய அளவு டேப்பின் பித்தளை முனையோரத் துணியைக் கடித்து மென்று நாராக்கிவிட்டாராம். அப்பா திட்டவில்லை. "வீட்டுல எலி பொறந்திருக்கு" என்று சிரித்தபடி, கடிபட்ட துண்டைக் கத்தரியால் நறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சுருட்டிக்கொண்டு பட்டாளத்துக்குப் போனார். அப்பாவைப் பற்றி மாமனாருக்கு அம்மா சொல்லிவைத்தது இந்த ஒரு கதைதான். எண்பத்தாறு வயதிலும் வேறு கதை அவரிடம் இல்லை.

பழைய படைவீரர் சங்கம் பாலத்தின் அருகே ஒரு கல் வைக்கப்போவதாக அறிவித்ததிலிருந்துதான் கணவர் ஆவணக் காப்பகத்துக்கு நடக்க ஆரம்பித்தார். அந்தக் கரையில் செத்தவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாருடைய பேரும் கல்லில் ஏறும். ஓடிப்போனவர்கள் பேர் ஏறாது. ஓடவில்லை என்று ஆவணம் காட்டினால், ரத்த உறவு ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஏற்றுவார்கள். கடைசி நாள் பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி.

"கல்லுல பேர் வந்தா என்ன, வராட்டா என்ன" என்று மாமனார் ஆரம்பத்தில் சொன்னார். பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "அவர் நம்மளை வேண்டாம்னு போனாரா, போக முடியாம போனாரான்னு மட்டும் பாத்துச் சொல்லுடா" என்றார். கணவர் அதற்காகத்தான் நான்கு மாதம் நடந்தார்.

அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நிமிஷம் தாமதமாக வந்த வண்டியைத் தாமதம் என்றுதான் எழுதுவார். டிரைவர் காலில் விழுந்தாலும் மாற்ற மாட்டார். நோட்டையும் அப்படித்தான் எழுதியிருந்தார். ஆற்றின் இரண்டு கரையிலும் இருந்த பதினோரு படைகள். ஒவ்வொன்றின் ஆஜர் பட்டியல், ஆஸ்பத்திரிப் பட்டியல், உடுப்புப் பதிவேடு. பார்த்து முடித்ததற்கு நேராகச் சிவப்புப் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீட்டில் இரண்டே பேர் ஆன பிறகும் அவள் அந்த நோட்டைத் திறக்கவில்லை. பன்னிரண்டாம் தேதிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை மாலை, மாமனார்தான் கேட்டார்.

"அவன் கடைசியா என்ன எழுதியிருக்கான்? படி."

அவள் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். அக்கரையில் இருந்த ஒரு படையின் உடுப்புப் பதிவேடு. தாத்தா காணாமல் போன இரண்டாம் நாள் தேதியில், பேர் இல்லாமல் ஒரு ஆளுக்கு அளவு எடுத்திருக்கிறார்கள். 'இரவல் தையல்காரன். காகிதம் பின்னால் வரும்' என்று மட்டும் குறிப்பு. இடக்கை வலக்கையைவிட முக்கால் அங்குலம் குட்டை. அந்த வரியின் கீழே கணவர் இரண்டு கோடு போட்டிருந்தார். பென்சில் முனை உடைந்த தடம் தெரிந்தது. அதற்கும் கீழே, நிதானமான எழுத்தில், 'தலை ஓர் அங்குலம் பெரிது. வளர்ந்த ஆளுக்குத் தலை வளராது. இவர் அவர் இல்லை.' சிவப்புப் பெருக்கல் குறி.

மாமனார் கையை நீட்டி நோட்டை மூடினார்.

"அப்ப சரி" என்றார். "ஓடித்தான் போயிருக்கார். போனவரைத் தேடப் போய் என் பையனும் போயிட்டான். அதைக் கொண்டுபோய் அடுப்புல வை."

"மாமா..."

"வைம்மான்னா வை."

*

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். நோட்டைக் கிழித்தால்தான் எரியும். கடைசித் தாளை விரல்களுக்கிடையில் பிடித்தவள், கிழிப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்தாள். கணவர் இரண்டு அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தார். இடது பக்கம் தாத்தா படையில் சேர்ந்த அன்று எடுத்த அளவு. வலது பக்கம் அந்த இரவல் தையல்காரனுடையது.

தலை இருபத்திரண்டு, இங்கே இருபத்துமூன்று. கழுத்து பதினாலரை, பதினைந்தரை. வலக்கை இருபத்துமூன்றரை, இருபத்துநாலரை. இடக்கை இருபத்திரண்டே முக்கால், இருபத்துமூன்றே முக்கால். மணிக்கட்டு ஆறே முக்கால், ஏழே முக்கால்.

மணிக்கட்டில் அவள் கண் நின்றுவிட்டது.

வாடிக்கையாளர் அட்டைகளை வருஷக்கணக்காகப் பார்த்த கண். ஆள் பெருத்தால் இடுப்பு நாலு அங்குலம் ஏறும், மார்பு இரண்டு ஏறும், கழுத்து அரை ஏறும். மணிக்கட்டில் இம்மிகூட மாறாது. வேறு ஆள் என்றாலும் ஓர் இடத்தில் கூடும், ஓர் இடத்தில் குறையும். தலையிலிருந்து மணிக்கட்டு வரை எல்லா இடத்திலும் சொல்லிவைத்த மாதிரி ஒரே ஒரு அங்குலம் எவனுக்கும் கூடாது.

"இது ஆள் இல்ல" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். "டேப்."

முனை போன டேப்பில் அளந்தால் இப்படித்தான் வரும். அவளுடைய பழைய டேப் ஒன்றுக்கும் முனை தேய்ந்து போய், ஒன்றாம் எண்ணிலிருந்து பிடித்துத்தான் அளப்பாள். வந்ததில் ஒன்று கழித்துக்கொள்வாள். சொந்தக்காரிக்குத் தெரியும். தெரியாத கை அந்த டேப்பை எடுத்தால் எல்லாமே ஓர் அங்குலம் கூடுதலாகத்தான் எழுதும். தையல்காரன் ஊருக்கெல்லாம் அளப்பான், தன்னைத் தானே அளந்துகொள்ள முடியாது. வேறு யாரோ அளந்திருக்கிறார்கள். அவனுடைய டேப்பாலேயே.

அடுப்பை அணைத்துவிட்டு நோட்டோடு கூடத்துக்கு வந்தாள்.

"மாமா, நீங்க கடிச்ச டேப்ல எவ்வளவு போச்சு?"

"என்னம்மா இப்ப போய்?"

"எவ்வளவு போச்சு மாமா?"

"ஒரு இஞ்ச்சுன்னு அம்மா சொல்லுவா. ஏன்?"

அவள் சொன்னாள். ஒவ்வொரு எண்ணாகப் படித்துக் காட்டினாள். மாமனார் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தபடி கேட்டார். முடித்த பிறகு, "அவர்தான்னு சொல்றியா, அவரா இருக்கலாம்னு சொல்றியா?" என்றார்.

அவளுக்குப் பொய் வரவில்லை. "இருக்கலாம் மாமா."

"இருக்கலாம்னா என் கையெழுத்து கிடையாது. பொறந்ததுலேர்ந்து இருக்கலாம், இருக்கலாம்னே ஓட்டிட்டேன்." குரல் தாழ்ந்தது. "சரி, அவரேன்னு வச்சுக்க. அங்க இருந்தும் அவர் ஓடியிருந்தா? இதுவரைக்கும் ஒரு தடவை ஓடினவரோட பிள்ளை. இனிமே ரெண்டு தடவை ஓடினவரோட பிள்ளையா?"

அவள் நோட்டை மூடினாள். கையில் இருந்தது ஒரு பகல் மட்டும்.

*

ஆவணக் காப்பகம் பத்து மணிக்குத் திறந்தது. அவள் ஒன்பதரைக்கே போய், கணவர் உட்கார்ந்த படியைப் பார்க்காமல் சுவர் ஓரமாக ஏறி நின்றாள்.

பூட்டு மேடம் என்று கணவர் பேர் வைத்திருந்தவர் ஐம்பதைத் தாண்டிய பெண். இடுப்பில் சாவிக்கொத்து. ஒரு நேரத்தில் ஒரு பதிவேடு, பென்சில் மட்டும், பை வெளியே. விதி சொல்லி முடித்தவர் அவள் கழுத்தைப் பார்த்தார்.

"அது என்ன?"

கழுத்தில் டேப் தொங்குவது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. "பழக்கம் மேடம். எடுக்க மறந்துட்டேன்."

"உள்ள எதையும் அளக்கக் கூடாது" என்றவர், விண்ணப்பத்தில் பேரைப் பார்த்ததும் நிறுத்தினார். "நீங்க... அந்த நாலு பென்சில்காரரோட..."

"ஆமா."

"ஜன்னல் பக்கம்தான் உக்காருவார். வந்ததும் நாலு பென்சிலைச் சீவி வரிசையா வச்சுப்பார்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்குத் தண்ணி கொண்டுவந்தது நான்தாம்மா. குடிக்கலை."

அவள் தலையை ஆட்டினாள். பேசினால் அழுகை வந்துவிடும். இன்று அதற்கு நேரம் இல்லை.

பதிவேட்டின் எண்ணைக் கொடுத்தாள். பூட்டு மேடம் உள்ளே போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

"அந்தப் பெட்டி பைண்டிங்குக்குப் போயிருக்கு. திங்கக்கிழமை வாங்க."

"இன்னிக்கு நாலு மணிதான் மேடம் கடைசி."

"எனக்குப் புரியுது. ஆனா பைண்டிங்குக்குப் போனதை எடுக்கணும்னா மேலதிகாரி கையெழுத்து வேணும். அவர் பன்னிரண்டுக்குத்தான் வருவார்."

மேலதிகாரி ஒன்றேகாலுக்கு வந்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனால் பைண்டர் சாப்பிடப் போயிருந்தார். கதவு பூட்டியிருந்தது. அவள் மேலே திரும்பி வந்து, பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச் சுவரின் கடிகாரத்தைப் பார்த்தாள். சாப்பாடு கொண்டுவரவில்லை, கொண்டுவந்திருந்தாலும் இறங்கியிருக்காது. இரண்டு மணி. இரண்டே கால். இரண்டே முக்காலுக்குப் படியில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. பூட்டு மேடமே பதிவேட்டைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துத் தூக்கிவந்தார். முதுகுத் தோல் பிரிந்து நூல் தொங்கியது.

"ஒட்டறதுக்கு முன்னாடி புடிச்சுட்டேன். மெதுவாத் திருப்புங்க."

கணவர் குறித்த பக்கம் உடனே கிடைத்தது. உடுப்புக் கிடங்குக்காரரின் தடித்த, உருண்ட எழுத்து. 'இரவல் தையல்காரன். காகிதம் பின்னால் வரும்.' அளவுகள் நோட்டில் இருந்தபடியே இருந்தன. புதிதாக எதுவும் இல்லை. அடுத்த பக்கத்தில் வேறு ஆட்கள். அதற்கடுத்த பக்கத்திலும் வேறு ஆட்கள். நடுவில் வெறும் தாள்கள் வர ஆரம்பித்தன. பத்து, பதினைந்து, எல்லாம் வெற்றுத் தாள்.

"அவ்வளவுதாம்மா. அதுக்கு மேல இருக்காது" என்றார் பூட்டு மேடம்.

மூன்று மணி ஆகப் பத்து நிமிஷம்.

அவள் தன்னுடைய நோட்டை நினைத்தாள். முன்பக்கத்திலிருந்து அளவு எழுதுவாள். நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து வெட்டுக் கணக்கு எழுதுவாள். எந்தத் துணியில் எவ்வளவு, எந்த அளவுக்கு வெட்டினது என்று. அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த கடையில் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். ஒரே நோட்டு, இரண்டு வாசல்.

பதிவேட்டை மூடி, தூக்கி, தலைகீழாகப் புரட்டிப் போட்டாள்.

"ஐயையோ, என்ன பண்றீங்க! பைண்டிங் பிரிஞ்சு கிடக்கு!"

"ஒரு நிமிஷம் மேடம்." பின் அட்டையைத் திறந்தாள்.

சின்னச் சின்ன எழுத்து, வலப்பக்கம் சாய்ந்தது. முன்பக்கத்துக் கை இல்லை. முதல் வரியில் அதே தேதி. பிறகு 'எனக்கு, கோட்டு ஒன்று.' தலை இருபத்திரண்டு. கழுத்து பதினாலரை. வலக்கை இருபத்துமூன்றரை. இடக்கை இருபத்திரண்டே முக்கால். மணிக்கட்டு ஆறே முக்கால். கீழே ஒரு வரி: 'இந்த டேப் ஒன்றில் தொடங்கும். கிடங்குக்காரர் அளந்திருந்தால் ஒன்று கழிக்க.'

அவள் கணவரின் நோட்டை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்தாள். பூட்டு மேடம் குனிந்து, விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுப் பார்த்தார். கடைசி எண்ணைத் தொட்டதும் விரலை எடுக்கவில்லை.

"பின்னாலேர்ந்து யாரும் திறந்ததே இல்லம்மா" என்றார். "இருபத்தாறு வருஷமா இங்க இருக்கேன். நானே திறந்ததில்லை."

எண்கள் பொருந்திவிட்டன. ஆனால் மாமனார் கேட்ட மற்றொரு கேள்வி அப்படியே நின்றது. அவள் அந்தச் சாய்ந்த எழுத்தோடு போனாள். கோட்டு மூன்று, வெட்டியாயிற்று. ஆஸ்பத்திரிக்கு, கைமுறிவுக்குத் தூளி இருபது, ஆயிற்று. போர்வை ஒட்டு ஆறு, ஆயிற்று. ஒவ்வொரு நாளும் வேலை. பதினாலாம் நாளில் 'போர்வை நான்கு' என்று இருந்தது. பக்கத்தில் ஆயிற்று இல்லை. அதற்குக் கீழே எழுத்தே இல்லை.

வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவன் எங்கே போனான்?

"மேடம், ஆளுக்குக் கொடுத்த உடுப்பு திரும்பி வந்தா அதை எங்க எழுதுவாங்க?"

"முன்பக்கத்துலயே, முதல் தாள்கள்ல தேதி வாரியா. ஒப்படைப்புன்னு தனிப் பகுதி."

மறுபடியும் முன்பக்கம் திருப்பினார்கள். பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு. எதிலும் இல்லை. பத்தொன்பதாம் நாளில் அந்த இரண்டு வார்த்தைகள் தெரிந்தன. அதற்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க படிங்க மேடம்."

பூட்டு மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இரவல் தையல்காரன். சட்டை இரண்டு, சேர்ந்தது. கத்தரி ஒன்று, சேர்ந்தது. கோட்டு ஒன்று..." நிறுத்தினார்.

"படிங்க."

"கோட்டு ஒன்று, திரும்பவில்லை. அதோடு புதைத்தது. காய்ச்சல். டேப் அவன் சொந்தம், அவனோடு வைத்தது."

இக்கரையில் இவர்கள் கூடி உட்கார்ந்து ஓடிப்போனவர் என்று முத்திரை குத்தியது இருபத்தோராம் நாள். அதற்கு இரண்டு நாள் முன்பே அவர் அக்கரை மண்ணுக்குள் இருந்திருக்கிறார்.

கடிகாரத்தில் மூன்று இருபது. பூட்டு மேடம் எதுவும் கேட்காமல் பதிவேட்டோடு நகல் எடுக்கும் மெஷினுக்கு நடந்தார். மூன்று பக்கம், மூன்று முத்திரை. வழக்கமாக இரண்டு நாள் ஆகும் வேலை.

*

காப்பகத்து வாசலில் நின்று வீட்டுக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லு."

"மாமா, ஓடலை."

மறுமுனையிலிருந்து, "இருக்கலாமா?"

"நிச்சயம் மாமா. அக்கரையில தைக்க ஆள் இல்லைன்னு வாய்வார்த்தையிலேயே இரவல் வாங்கியிருக்காங்க. பாலம் உடைஞ்சதும் காகிதம் வந்து சேரலை. பத்தொன்பதாம் நாள் காய்ச்சல்ல போயிட்டார். தானே தைச்ச கோட்டோட புதைச்சிருக்காங்க. டேப்பையும் கூடவே வச்சிருக்காங்க."

"எந்த டேப்பு?"

"உங்க டேப்புதான் மாமா."

அவர் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "வண்டி புடிச்சு வர்றேன்" என்றார்.

சங்கத்தின் அலுவலகம் ஒரே அறை. சுவரெல்லாம் சட்டம் போட்ட பழைய குழுப் படங்கள். காரியதரிசி பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசை நரைத்திருந்தாலும் முதுகு வளையவில்லை. அவள் உள்ளே நுழைந்தபோது அவர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டிருந்தார். மணி மூன்று நாற்பத்தைந்து. நகல்களையும், கணவரின் நோட்டில் இருந்த சேர்ந்த நாள் அளவையும் வரிசையாகப் பார்த்தார். பார்த்து முடித்துப் பின்னால் சாய்ந்தார்.

"எல்லாம் சரிம்மா. பேர் எங்க? இதுல எங்கயும் பேர் இல்லையே. ஒரு பட்டாளத்துல கை குட்டையா ஒருத்தர்தானா இருந்திருப்பார்? கமிட்டில மூணு பேர் உக்காந்து கேள்வி கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"அளவு ஒண்ணு விடாம பொருந்துதுங்களே."

"காகிதத்துல பொருந்துது. ஓடிப்போனதும் காகிதத்துலதான் இருக்கு."

வாசலில் தடி ஊன்றும் சத்தம். மாமனார் மூச்சு வாங்கியபடி வந்து நின்றார். சட்டையில் ஒரு பட்டன் மாற்றிப் போட்டிருந்தார். ஐந்து நிமிஷமாக வண்டியில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார் போல, கணீரென்று சொன்னார்:

"நான் அவரோட மகன். கையெழுத்து எங்க போடணும்?"

காரியதரிசி எழுந்து நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை. அவள் கழுத்திலிருந்த டேப்பை உருவினாள்.

"மாமா, கையை நீட்டுங்க."

"இப்பவா? இங்கயா?"

"நீட்டுங்க மாமா."

அவர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையையும் முன்னே நீட்டினார். அவள் வலது தோள் முனையில் டேப்பைப் பிடித்து மணிக்கட்டு எலும்புவரை இழுத்தாள். "நீங்களே படிங்க சார்." காரியதரிசி குனிந்து படித்தார். இடது கை. அதையும் படித்தார். மேசையில் கிடந்த நகலைப் பார்த்தார். மறுபடி டேப்பைப் பார்த்தார்.

"முக்கால்" என்றார் மெதுவாக.

"என் புருஷனுக்கும் முக்கால்தான்" என்றாள் அவள். அந்த அறையில் அவள் குரல் உடைந்தது அந்த ஒரு இடத்தில் மட்டும்.

காரியதரிசி பேனாவை வெளியே எடுத்தார். "அந்த ஒரு இஞ்ச் வித்தியாசம் எப்படி வந்துதுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. டேப்பு முனை எப்படிப் போச்சு?"

"எலி கடிச்சிடுச்சு" என்றார் மாமனார்.

"பட்டாளத்துலயா?"

"வீட்டுல. நான்தான் அந்த எலி."

காரியதரிசிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க வந்தவர், கிழவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மாமனார் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தபோது மூன்று ஐம்பத்தாறு.

இரண்டு பேரும் ஒரே வண்டியில் திரும்பினார்கள். வீட்டுத் தெரு திரும்பும்போது மாமனார் கேட்டார்.

"நான் அதைக் கடிக்காம இருந்திருந்தா, அன்னிக்கே என் பையனுக்குத் தெரிஞ்சிருக்கும், இல்ல?"

ஆமாம் என்றால் கிழவர் நொறுங்கிப் போவார். இல்லை என்றால் பொய். அவள் யோசித்ததும் அதைத்தான். எண்கள் முதலிலேயே பொருந்தியிருந்தால் அவர் அந்தப் படிகளில் சந்தோஷமாக இறங்கியிருப்பார். இறங்காமலும் போயிருக்கலாம், இன்னும் கொஞ்ச நேரம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எழுதியிருப்பார். அல்லது உடம்புக்கு எதுவும் வராமல் வீட்டுக்கே வந்து, "இதைக் கேளேன், கை பொருந்துது, தலை மட்டும் பொருந்தலை" என்று சொல்லியிருந்தால், அவள் ஒரே நிமிஷத்தில் சொல்லியிருப்பாள்.

"தெரியலை மாமா" என்றாள்.

அவர் அவளுடைய கையின் மேல் தன் கையை வைத்தார். அதை வீடு வரும்வரை எடுக்கவில்லை.

*

கமிட்டி ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது. பழைய முத்திரையை நீக்கியதாக ஒரு காகிதம் வந்தது. கல் வைத்த அன்று மாமனார் கூட்டம் கலையும்வரை காத்திருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நான்காம் வரிசையில் வெட்டியிருந்த தன் அப்பாவின் பேரை ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினார். எதிர்வீட்டுக்காரர், அறுபது வருஷமாக ஓடுகாலி மகன் என்று கூப்பிட்டவர், பின்னால் நின்று தொண்டையைச் செருமினார். மாமனார் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் அலமாரியைத் திறந்தாள். இரண்டு மாதமாகத் தொடாத நீலச் சட்டை, இஸ்திரி மடிப்போடு, கடைசி இரண்டு பட்டன் தைக்காமல் அப்படியே இருந்தது. தையல் மேசையில் விரித்தாள். முதலில் அந்த இரண்டு பட்டனையும் தைத்தாள். நூலைக் கடித்து அறுத்துவிட்டு டேப்பை எடுத்து, வலது தோள் தையலில் வைத்துக் கைமுனை வரை இழுத்தாள். பிறகு இடது தோளில் வைத்து இழுத்தாள்.

வலது கை இருபத்துநாலு. இடது கை இருபத்துமூன்றே கால்.